சொல்லை மாற்றினால் போதுமா? வேறு வார்த்தையில் எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காரரிடம் பேட்டி எடுத்தேன். பேச்சோடு பேச்சாக அவர், "நெல்லு காயப்போட ஒரு களம் கட்டலாம்னு இருக்கோம்" என்றார். நான் அதை அழகான எழுத்துத் தமிழில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, "நெல் உலர்த்தும் களம் ஒன்று கட்டப்படவுள்ளது என்று அவர் தெரிவித்தார்" என்று போட்டேன். மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, கட்டப்போறோம்னு நான் எப்பச் சொன்னேன்? டெண்டர் எப்பன்னு ஊர்ல ஆளாளுக்குக் கேக்குறாங்க." துணையாசிரியர் என்னைத் திட்டவில்லை. என் குறிப்பேட்டை வாங்கி, 'கட்டலாம்' என்பதில் 'லாம்' என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒருவர் சொன்னதை நம் வார்த்தையில் சொல்வது என்பது இந்த மாதிரி வேலைதான். பெரிய சொற்கள் பெரும்பாலும் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். நெல், களம், கட்டுதல் எல்லாம் என் செய்தியில் இருந்தன. சின்ன அசைகள்தான் வழியில் கொட்டிப்போகின்றன.

எதைச் சொல்கிறோம்?

இணையத்தில் பாராஃப்ரேஸ் என்று புழங்கும் இந்த வேலைக்குத் தமிழில் பொழிப்புரை என்ற பழைய பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்குக் கீழே பதவுரை, பொழிப்புரை, கருத்துரை என்று பிரித்து எழுதியிருப்போம். பதவுரை சொல்லுக்குச் சொல் பொருள் தரும். பொழிப்புரை அந்தப் பொருள்களைக் கோத்து ஓடும் உரைநடையாக்கும். கருத்துரை, பாட்டு கடைசியில் என்ன சொல்ல வருகிறது என்பதை ஒரு வரியில் சொல்லும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூல், உரையின் கூறுகளாகப் பதினான்கைப் பட்டியலிடுகிறது. அதில் 'சொற்பொருள்', 'தொகுத்துரை' என்று அடுத்தடுத்து வருபவைதாம் நம் பதவுரையும் பொழிப்புரையும்.

குழப்பம் வரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மேற்கோள் என்றால் அவருடைய சொல்லே, மாற்றமில்லாமல், மேற்கோள் குறிக்குள். சுருக்கம் என்றால் அளவு குறைய வேண்டும். பள்ளியில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரையச் சொன்னது அதற்குத்தான். பொழிப்புக்கு அளவு பொருட்டில்லை. மூலத்தைவிட நீண்டாலும் நீளலாம். கடினமான ஒரு வரியை விளக்க மூன்று வரி தேவைப்படும்போது மூன்று வரி எழுதுவதுதான் நியாயம்.

எப்போது மாற்றலாம், எப்போது கை வைக்கக் கூடாது?

நன்னூலிலேயே இதற்கும் ஒரு சூத்திரம் உண்டு: 'முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்று தொடங்கும். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்லாமல் அவர்கள் சொன்ன சொல்லையும் பொன்போலக் காப்போம் என்பதற்காகவும் பழைய சூத்திரங்களை அப்படியே எடுத்துக் கையாள்வது உண்டாம். ஆக, எடுத்துக்கொள்வதற்குப் பொருள், சொல் என்று இரண்டு இருக்கின்றன. எழுத உட்காரும்போது எனக்கு இங்கே வேண்டியது எது என்று கேட்டுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சட்டப் பிரிவின் வாசகம், மருந்தின் அளவு, ஒப்பந்த நிபந்தனை, ஒருவர் மன்னிப்புக் கேட்ட வார்த்தை, திட்டிய வார்த்தை, கவிதை வரி போன்றவற்றில் சொல்லே சரக்கு. மேற்கோளாகக் கொடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கீழே விளக்கம் எழுதுங்கள். செய்தி, விவரம், வாதம், செய்முறை இவற்றையெல்லாம் தாராளமாக உங்கள் வார்த்தைக்குக் கொண்டுவரலாம். பாடநூலை வகுப்பில் விளக்குவது, அரசாணையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வது, பேட்டியைக் கட்டுரையாக்குவது, ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைப் பேசுவது எல்லாம் அந்த வகைதான்.

முதல் படி: படித்துவிட்டு மூடிவையுங்கள்

மூலத்தை இரண்டு முறை படியுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிடுங்கள்; திரையில் என்றால் அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிவிடுங்கள். இப்போது எதிரில் ஒருவர் உட்கார்ந்து 'என்ன எழுதியிருக்கு?' என்று கேட்பதாக நினைத்து, வாயால் பதில் சொல்லுங்கள். தடுமாறினால் உங்களுக்கு இன்னும் புரியவில்லை. எழுத வேண்டாம், திரும்பப் படியுங்கள். புரியாததைப் பொழிப்பாக எழுதியவர்கள் எல்லோரும் கடைசியில் மூலத்தையே காப்பியடித்திருப்பார்கள், வேறு வழி இருந்திருக்காது.

மூலத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதினால் அதன் வாக்கிய அமைப்பு நம்மை விடாது. சொல் மட்டும் மாறும், எலும்புக்கூடு அதேதான். ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம்:

'மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். அன்று திறந்தால்தான் குறுவை நடவு உரிய காலத்தில் நடக்கும். நீர்மட்டம் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகிறது. அப்போது விவசாயிகள் பலர் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்கிறார்கள்.'

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றினால் இப்படி வரும்:

'மேட்டூர் நீர்த்தேக்கம் கழிமுக நீர்ப்பாய்ச்சலுக்காகப் பொதுவாக ஜூன் 12-ஆம் நாள் திறந்துவிடப்படும். அந்நாளில் திறந்தால் மட்டுமே குறுகிய காலப் பயிர் நடவு தக்க தருணத்தில் நிகழும்...'

இதை நான் பொழிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வாக்கியங்களின் வரிசை, எண்ணிக்கை, கட்டு எதுவும் மாறவில்லை. அதைவிட மோசம், மாறக் கூடாதவை மாறியிருக்கின்றன. தஞ்சாவூர்க்காரர் யாரும் தன் ஊரைக் கழிமுகம் என்று சொல்லிக் கேட்டதில்லை, அது டெல்டா. குறுவை என்பது ஒரு நெல் பருவத்தின் பெயர். அதைக் 'குறுகிய காலப் பயிர்' என்று பிரித்துவிட்டால் உளுந்தும் அதில் அடங்கிவிடும்.

இரண்டாம் படி: கல்லையும் களிமண்ணையும் பிரியுங்கள்

எழுதுவதற்கு முன் மாறவே கூடாத சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள பத்தியில் மேட்டூர், டெல்டா, ஜூன் 12, குறுவை, சம்பா. பெயர், தேதி, எண், துறைச்சொல் இவை கல். மற்றதெல்லாம் களிமண், எப்படி வேண்டுமானாலும் பிசையலாம். ஒரே சொல் இரண்டு முறை வருகிறதே என்று கூச்சப்பட்டுத் துறைச்சொல்லை மாற்றுவது பத்திரிகைக்காரர்களின் பழைய வியாதி. முதல் வரியில் அணை, அடுத்ததில் நீர்த்தேக்கம், மூன்றாவதில் நீர்நிலை என்று எழுதினால் வாசகர் மூன்று இடங்களைத் தேடுவார்.

மூன்றாம் படி: தொடக்கத்தை மாற்றுங்கள்

சொல்லை மாற்றுவதைவிட வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றுவதே பலன் தரும். மூலம் அணையில் தொடங்குகிறதா? நீங்கள் பயிரில் தொடங்குங்கள். தமிழ் இதற்கு நிறையவே இடம் கொடுக்கிறது. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கலாம். இரண்டு தனி வாக்கியங்களை வினையெச்சம் போட்டு ஒன்றாக்கலாம். 'மழை பெய்ததால் ஏரி நிறைந்தது' என்பதை 'ஏரியை நிறைத்தது மழை' என்று புரட்டலாம். எல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குள் படித்த இலக்கணம்தான். அப்போது மதிப்பெண்ணுக்காகச் செய்தோம்.

என் முயற்சி இது:

'குறுவை பிழைப்பது மேட்டூர் கையில்தான் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-க்கு அணை திறந்துவிட்டால் டெல்டாவில் காலத்தோடு நடவு நடக்கும். அணையில் தண்ணீர் குறைவாக இருந்து அந்தத் தேதி தள்ளிப்போனால், சம்பா போட்டுக்கொள்ளலாம் என்று பலரும் குறுவையை விட்டுவிடுகிறார்கள்.'

நான்காம் படி: மூலத்தைத் திறந்து, சின்னச் சொற்களைத் தேடுங்கள்

இப்போது மூடிவைத்ததைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒப்பிட்டதும் இரண்டு ஓட்டை தெரிந்தது. மூலத்தில் 'திறந்தால்தான்', என்னிடம் 'திறந்துவிட்டால்'. அது 'வேறு வழியில்லை' என்கிறது. என்னுடையது ஒரு வழியை மட்டும் சொல்கிறது. மூலத்தில் 'பலர்', என்னிடம் 'பலரும்'. அந்த 'உம்' ஏறியதும், கிட்டத்தட்ட எல்லோரும் என்ற வாடை வந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. 'திறந்தால்தான்' என்பதைத் திருப்பிச் சேர்க்கும்போது கை தயங்கியது. பம்ப்செட் வைத்திருப்பவர்கள் அணைக்குக் காத்திராமல் குறுவை போடுகிறார்களே, மூலம் சொல்வது முழுக்கச் சரியில்லையே என்ற எண்ணம். சரி, அது என் எண்ணம். தனி வாக்கியமாக, என் பெயரில் சொல்ல வேண்டியது. பொழிப்புக்குள் அதைச் செருகினால், சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக ஆகிவிடும்.

தமிழில் பொழிப்பு எழுதுகிறவர்கள் தவறவிடும் அசைகளை ஒரு முறை கூர்ந்து பார்ப்பது நல்லது. 'ஆசிரியரும் வந்தார்' என்றால் வேறு யாரோவும் வந்திருக்கிறார். அந்த 'உம்'மை விட்டுவிட்டால் ஆசிரியர் தனியாக வந்ததாகிவிடும். 'அவரே எழுதினார்' என்பதில் வேறொருவர் எழுதியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்குப் பதில் இருக்கிறது. 'எல்லோரும் வரவில்லை' இன்னும் சிக்கல்: யாருமே வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் மட்டும் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். பொழிப்பு எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்; எதைத் தேர்வது என்பதை மூலத்தின் முன்பின் வரிகள்தான் சொல்லும். அவையும் சொல்லாவிட்டால் மேற்கோளாகவே விட்டுவிடுங்கள்.

அடுத்தது உறுதியின் அளவு. கட்டுவோம், கட்டப்போகிறோம், கட்டலாம் என்றிருக்கிறோம், கட்டலாமா என்று பார்க்கிறோம், கட்டினால் நல்லது. இது ஓர் ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று பேசுகிறார். அவரை ஒரு படி ஏற்றவும் உங்களுக்கு உரிமையில்லை, இறக்கவும் உரிமையில்லை. நான் கூட்டுறவுச் சங்கத்துக்காரரை ஒரே தாவலில் உச்சிக்கு ஏற்றிவிட்டேன். 'வேண்டியதில்லை', 'கூடாது' இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. 'வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியதில்லை' என்று மருத்துவர் சொன்னதை 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது' என்று வீட்டில் சொன்னால், ஒரு சலுகை தடையாக மாறிவிடுகிறது.

பேச்சை எடுத்துச் சொல்லும்போது

நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும்போது 'நான்' என்பது 'தான்' ஆகும், 'நாளை' மறுநாளாகும், 'இங்கே' அங்கே ஆகும் என்பது எல்லோரும் படித்ததுதான். "நான் நாளை இங்கே வருவேன்" என்று கண்ணன் சொன்னான். தான் மறுநாள் அங்கே வருவதாகக் கண்ணன் சொன்னான். தேர்வில் சரியாகச் செய்கிறோம், கட்டுரையில் கோட்டை விடுகிறோம். குறிப்பாக 'தான்' வர வேண்டிய இடத்தில் 'அவர்' வந்து விழும். 'அவர் போக வேண்டியதில்லை என்று தலைவர் செயலாளரிடம் சொன்னார்.' யார் போக வேண்டியதில்லை, தலைவரா, செயலாளரா?

வினைமுற்றிலும் கவனம் வேண்டும். 'என்றார்' என்பதில் உங்கள் அபிப்பிராயம் எதுவும் இல்லை. 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதிய நிமிடம் அவர் எதையோ மறைத்து வைத்திருந்தார் என்றாகிவிடுகிறது. 'மழுப்பினார்' என்பது தீர்ப்பு. எழுத்து அலுத்துப்போகக் கூடாதே என்று 'என்றார்' வரும் இடமெல்லாம் விதவிதமாக மாற்றுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. அலுத்தால் அலுக்கட்டும், 'என்றார்' இருக்கட்டும். வீட்டுப் பேச்சில் 'வருவானாம்' என்று ஓர் 'ஆம்' போட்டுப் பொறுப்பைச் சொன்னவர் தலையிலேயே வைத்துவிடுகிறோம். எழுத்தில் அந்த வேலையை 'என்றார்' செய்கிறது.

செய்யுளுக்குப் பொழிப்பு

பாட்டில் சொற்கள் வரிசையாக நிற்காது. அதனால்தான் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைகளை இலக்கணக்காரர்கள் பொருள்கோள் என்று எட்டு வகையாகச் சொல்லி வைத்தார்கள். சொல்வன்மை அதிகாரத்துக் குறள் ஒன்று நம் விஷயத்துக்கே பொருத்தமானது: 'சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து.' கடைசியில் நிற்கும் 'அறிந்து' முதலில் நிற்கும் 'சொல்லுக' என்பதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். முதலில் முடிவான வினையைக் கண்டுபிடியுங்கள்; இங்கே 'சொல்லுக'. எதை? ஒரு சொல்லை. எப்படி? அறிந்து. எதை அறிந்து? அதை வெல்லும் வேறொரு சொல் இல்லாமையை. இந்தக் கேள்விகளைத் தாண்டியதும் பொழிப்பு தானாக விழும்: 'நாம் சொல்லும் சொல்லை வெல்லக்கூடிய இன்னொரு சொல் இல்லை என்பதை அறிந்து அதைச் சொல்ல வேண்டும்.'

பொருள் வந்துவிட்டது. 'சொல்' ஐந்து முறை மோதிக்கொள்ளும் அந்த ஓசையும், 'சொல்லுக', 'வெல்லும்' என்ற எதுகையும் வரவில்லை. வரவும் வராது. அதனால் செய்யுளுக்குப் பொழிப்பு எழுதினால் செய்யுளையும் மேலே அச்சிடுவதுதான் வழக்கம், நம் உரை நூல்கள் எல்லாம் அப்படித்தான். பொழிப்பை மட்டும் கொடுத்து 'வள்ளுவர் சொன்னார்' என்று மேற்கோள் குறி போடுவது கூடவே கூடாது. குறி போட்டால் உள்ளே இருப்பது அவர் சொல்லாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: யார் சொன்னது என்று எழுதுங்கள்

ஆய்வு மாணவர்கள் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: வார்த்தையை மாற்றிவிட்டால் பெயர் குறிப்பிட வேண்டியதில்லை என்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, எப்படியாவது சதவீதத்தைக் குறைத்தால் போதும் என்று ஓடுகிறார்கள். ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எண்ணுவது சொற்களை. அதே விதிமுறைகள் பிறருடைய கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் திருட்டு என்றுதான் சொல்கின்றன. சொல்லை மாற்றினாலும் கருத்து அவருடையது, பெயரைப் போட்டுவிடுங்கள். பத்தியின் முதல் வரியிலேயே போடுவது நல்லது. கடைசியில் போட்டால், எங்கிருந்து அவருடையது, எதுவரை நம்முடையது என்று பிரித்தறிய முடியாது.

சதவீதத்தைக் குறைக்கச் சிலர் சொல்மாற்று மென்பொருளை நாடுகிறார்கள். அதன் கூத்தை ஆங்கில ஆய்விதழ்களில் பார்க்கலாம். கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2021-இல் இப்படிச் சிதைந்த சொற்றொடர்களைத் தேடித் தொகுத்தார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'போலி உணர்வுநிலை' என்ற பொருள்படும் தொடர். மார்பகப் புற்றுநோய்க்கு, தமிழில் சொன்னால், 'நெஞ்சகப் பேராபத்து'. தமிழிலும் இதே கதைதான் நடக்கும். கால் நூற்றாண்டைப் பாத நூற்றாண்டு என்று மாற்ற ஒரு மென்பொருளுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

ஆறாம் படி: யாருக்காக எழுதினீர்களோ அவரிடம் படித்துக் காட்டுங்கள்

போன வருஷம் எங்கள் பாட்டி வீட்டுக்கு வரி நோட்டீஸ் ஒன்று வந்தது. சாரம் இதுதான்: மேற்படி கட்டடத்திற்கான நிலுவைத் தொகையை 31.03 அன்றோ அதற்கு முன்னரோ செலுத்தத் தவறும்பட்சத்தில், அபராதத்துடன் வசூலிக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும். நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'வீட்டு வரிப் பாக்கியை மார்ச் 31-க்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம் சேர்த்து வசூலிப்பார்கள்.' 'மேற்படி' போயிற்று, 'பட்சத்தில்' போயிற்று, 'மேற்கொள்ளப்படும்' போயிற்று. எனக்குத் திருப்தி.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பென்சன் முப்பதாம் தேதிதான் வரும். முப்பத்தொண்ணு போனா வாங்கிக்குவாங்களா, மாட்டாங்களா?"

'31-க்குள்' என்று நான் எழுதியதில் அதற்குப் பதில் இல்லை. நோட்டீஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். '31.03 அன்றோ' என்று அவர்கள் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். தாளை வாங்கி, '31-க்குள்' என்பதை அடித்துவிட்டு '31-ஆம் தேதியும் கட்டலாம்' என்று எழுதிக் கொடுத்தேன்.